மூன்று ரவுண்டு

குமரேசனைப் பற்றி ஆரணியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "மெதுவா ஓட்டுவான்." இதைப் பாராட்டாகச் சொல்பவர்களும் உண்டு, கிண்டலாகச் சொல்பவர்களும் உண்டு. கிண்டல் கோஷ்டிதான் பெரிது. நானும் அதில்தான் இருந்தேன்.

என் பெயர் ராஜவேலு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். பேட்டரி, ஹாரன், செல்ஃப் மோட்டார், லைட்டு எல்லாம் பார்ப்பேன். தொண்ணூற்றொன்றில் கடை திறந்தேன். அந்த வாரமே குமரேசன் முதலாளியின் அம்பாசடரைக் கொண்டுவந்து ஹாரன் சரியில்லை என்று நிறுத்தினான். ஹாரன் நன்றாகத்தான் இருந்தது. அவன் அடித்துப் பார்த்தால்தானே தெரியும்! யாரையும் முந்துகிற வழக்கம் இல்லாதவனுக்கு ஹாரன் எதற்கு என்று கேட்டேன். சிரித்தான். அன்றிலிருந்து சிநேகிதம்.

அவன் நெசவாளி வீட்டுப் பிள்ளை. பத்து வயதிலிருந்து தறிக்குழியில் உட்கார்ந்தவன், பத்தொன்பது வயதில் எழுந்துகொண்டான். கேட்டால், "எப்படியும் கால்ல மிதிக்கிற வேலதான். அத சீட்டுல உக்காந்து மிதிச்சா ஊராவது நகரும்" என்பான். அவன் அப்பா யாருக்கு நெய்து கொடுத்தாரோ அதே வீரபாகு முதலாளியின் பட்டுக்கடையில் டிரைவராகச் சேர்ந்தான். கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த நெசவாளர் தெருவில்தான் வீடு. மனைவி பரிமளா முள்ளிப்பட்டுக்காரி, வீட்டில் தறி போட்டிருந்தாள்.

அவன் மெதுவாக ஓட்டியது சுபாவத்தால் இல்லை, உத்தரவால். வீரபாகு முதலாளிக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிக்கியில் எப்போதும் சேலைக்கட்டு வேறு. அன்றிலிருந்து பெங்களூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் பதினான்கு வருஷம் ஓட்டினான். லாரி முந்தும், பஸ் முந்தும், டவுன் பஸ் கூட முந்தும். இவன் இடது ஓரமாக ஒதுங்கி எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டே போவான்.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து திரும்பியவன் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே சொன்னான். "ராஜவேலு, ஒரு நாளு. ஒரே ஒரு நாளு. கால முழுசா கீழ வரைக்கும் அழுத்தி ஓட்டணும்டா. வண்டிக்கு இன்னா வருமோ அத்தனையும் வரணும். அப்புறம் செத்தாக்கூட சரி."

நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. இன்று நினைத்தால் எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதன் தன் ஆசையைச் சொல்லும்போது சிரிக்கிற வாயை என்னவென்று சொல்வது?

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கடைசியில் முதலாளியின் மகன் கமலக்கண்ணன் ஒரு ஜப்பான் காரை வாங்கி வந்தான். பம்பாயில் யாரோ ஓட்டிக் கழித்தது. பெயரைச் சொன்னால் இலவச விளம்பரமாகிவிடும், வேண்டாம். சிவப்பு நிறம், இரண்டு கதவு, என் இடுப்பு உயரம்கூடக் கிடையாது. பின்சீட்டு என்று ஒன்று பெயருக்கு இருந்தது, அதில் ஒரு மஞ்சப்பையை வைக்கலாம். பஜார் தெருவில் அது வந்து நின்ற அன்று கூட்டம் கூடி, பெட்ரோல் எங்கே ஊற்றுவார்கள் என்பது வரை விசாரித்துவிட்டுத்தான் கலைந்தது.

கமலக்கண்ணன் நல்ல பையன். இதை நான் சொல்லியே ஆகவேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைகளைத் திட்டுவது எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் இவனைத் திட்ட எனக்கு நியாயமான காரணம் கிடைக்கவில்லை. பொறுமை மட்டும் கிடையாது. ஆறு மாதத்தில் அந்தக் காரின் வேகம் அவனுக்கு அலுத்துவிட்டது. பெங்களூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து அதற்கு இரட்டை டர்போ மாட்டினான்.

டர்போ என்பது, எஞ்ஜின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு சின்ன விசிறி. அது சுற்றிக் காற்றை அமுக்கி எஞ்ஜினுக்குள் ஊட்டும். நிறையக் காற்று போனால் நிறையப் பெட்ரோல் எரியும், வண்டி பறக்கும். இந்தக் காரில் ஆறு சிலிண்டர். மூன்றுக்கு ஒரு டர்போ, மீதி மூன்றுக்கு இன்னொன்று. விசிறி நிமிஷத்துக்கு லட்சம் சுற்று சுற்றும். அதற்கு எண்ணெய்தான் உயிர். வேகமாக ஓட்டி வந்து சட்டென்று எஞ்ஜினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், உள்ளே தங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் தீய்ந்து கரியாகும். அதனால் அணைப்பதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் எஞ்ஜினைச் சும்மா ஓடவிட வேண்டும். வண்டியை எடுத்துவரப் போன குமரேசனிடம் ஒர்க்‌ஷாப்காரர் இதை மூன்று தடவை சொல்லி, நாலாவது தடவை கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னாராம்.

பிரித்து வேலை பார்த்த எஞ்ஜின் என்பதால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் அடக்கமாக ஓட்டிப் பழக்க வேண்டும். எஞ்ஜின் சுற்று மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது. கமலக்கண்ணன் குமரேசனைக் கூப்பிட்டான்.

"குமரேசண்ணா, அவ்ளோ தூரம் மெதுவா ஓட்றதுக்கு எனக்குப் பொறுமை கெடையாது. ஆரணியில மெதுவா ஓட்ற ஆளு உங்கள விட்டா யாரு? நீங்க ஓட்டிக் குடுங்க. பிப்ரவரியில இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு எடுத்துனு போறோம். உங்களுக்கு அங்க மூணு ரவுண்டு. தனியா, எவ்ளோ வேகம் வேணாலும் போங்க. நான் கேக்க மாட்டேன்."

குமரேசன் நேரே என் கடைக்கு வந்தான். டீ வாங்கி வைத்தேன், அது ஆடை கட்டும் வரை தொடவில்லை. "மூணு ரவுண்டுடா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "மூணு" என்றான்.

பழக்குகிற ஆயிரம் கிலோமீட்டரில் பாதிக்கு நானும் கூடப் போனேன். டர்போவின் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டரை மாட்டியது நான் என்பதால், முள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கு. உண்மையில் அந்தக் காரில் உட்கார ஆசை. வந்தவாசி சாலையில் தினமும் காலையில் போவோம். டர்போ விழிப்பதே மூவாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேலேதான். குமரேசனுக்கு அனுமதி மூவாயிரம். ஆகவே முள் அசையவே இல்லை. மனைவியையும் ஒரு மூட்டை வேர்க்கடலையையும் ஏற்றிக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் போன ஒருவர் எங்களை முந்திப் போனார். முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் வண்டியின் வயிறு இடிக்கும் என்று குறுக்கே சாய்த்து ஏற்றுவான். ஒவ்வொன்றுக்கும் உதட்டைக் கடித்துக்கொள்வான்.

ஆயிரம் முடிந்த அன்று ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி நேரான ரோடு வந்தது. முன்னால் ஒன்றுமில்லை. குமரேசன் மீட்டரைப் பார்த்து, "முடிஞ்சிது" என்றான். மூன்றாவது கியரில் போட்டு காலை அழுத்தினான்.

ஒன்றும் நடக்கவில்லை. "இன்னாடா, ஒண்ணுங்காணோம்" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது முன்னாலிருந்து மெல்லிய விசில் ஒன்று கிளம்பியது. விசில் உச்சிக்குப் போனது. அப்புறம் யாரோ இரண்டு கையாலும் என் நெஞ்சில் தள்ளியது மாதிரி முதுகு சீட்டுக்குள் போய்விட்டது. தனித்தனியாக நின்றிருந்த புளியமரங்கள் சேர்ந்து ஒரே சுவராகிவிட்டன. மூக்கு தூக்கிக்கொண்டு வண்டி லேசாக மிதந்தது. ஸ்டியரிங் பிடிக்கிற கனமே இல்லை என்று குமரேசன் பிறகு சொன்னான். நான் கத்தினேன் என்றும் சொன்னான். அது எனக்கு நினைவில்லை.

எல்லாம் நாலு செகண்டுதான். தூரத்தில் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள், ஒரு அம்மாள் காலால் தள்ளித் துழாவிக்கொண்டிருந்தாள். குமரேசன் காலை எடுத்தான். எடுத்த பிறகும் வண்டி ஒரு நொடி தன்பாட்டுக்கு முன்னே பாய்ந்து, புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு அடங்கியது. ஓரமாக நிறுத்தினோம். நிறுத்தியதும் அவன் எஞ்ஜினை அணைக்கவில்லை, இரண்டு நிமிஷம் ஓடவிட்டான்.

அப்புறம் சொன்னான். "மிதிக்கிறதுக்கும் அது போறதுக்கும் நடுவுல ஒரு எடம் கீது பாரு. அங்க நம்ம கையில ஒண்ணுமே இல்லடா. மிதிச்சத வாபஸ் வாங்க முடியாது. எப்ப வரும்னும் தெரியாது. வந்தா நிக்காது. நாலு செகண்டுதான் பாத்தேன். அதோட மிச்சத்த நான் பாக்கணும்."

அவன் கண் கலங்கியிருந்தது. கேட்டதற்குக் காற்று என்றான். கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது.

இதற்கப்புறம் வண்டி கமலக்கண்ணன் கைக்குப் போனது. தினமும் காலையில் வந்தவாசி சாலையில் விரட்டிவிட்டு வருவான். பட்டுக்கடை வாசலில் நிறுத்தி, எஞ்ஜின் ஓட ஓடவே இறங்கி உள்ளே போய்விடுவான். குமரேசன் ஏறி வண்டியைக் கொட்டகையில் கொண்டுபோய்விட வேண்டும். கொட்டகை என்பது முதலாளியின் பழைய நூல் குடோன். அது இருந்தது குமரேசன் குடியிருந்த தெருவின் கடைசியில். கடை வாசலிலிருந்து அங்கே போக ஒரு நிமிஷம்தான். வினை அங்கேதான் காத்திருந்தது.

எங்கள் ஊர் நெசவாளர் தெருக்களில் காலையில் பாவு விரிப்பார்கள். தறியில் ஏற்றப்போகிற பட்டிழைகளைத் தெரு நீளத்துக்குக் கட்டி இழுத்து, அறுந்ததை முடிச்சுப் போட்டு, கஞ்சி தெளித்து, வெயிலில் காயவைப்பார்கள். ஈரப் பட்டு எதையும் பிடித்துக்கொள்ளும். தூசி பட்டாலும் போச்சு, புகை பட்டாலும் போச்சு. அதனால் பாவு விரித்த தெருவில் எந்த வண்டியும் எஞ்ஜினோடு நுழையாது. தெருமுனையிலேயே அணைத்துவிட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். கேஸ் கொண்டுவருகிறவரும் அப்படித்தான், டாக்டரின் ஸ்கூட்டரும் அப்படித்தான். யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. அந்தத் தெருவில் பிறந்தவனுக்குப் பாவைக் கண்டதும் கை தானாகச் சாவியைத் திருப்பும்.

குமரேசனின் கையும் திருப்பியது. கொதிக்கக் கொதிக்க வந்த வண்டியைத் தினமும் தெருமுனையில் அணைத்தான். அணைத்துவிட்டு, கதவைத் திறந்து ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போனான்.

"கடை வாசல்லயே ரெண்டு நிமிஷம் ஓடவிட்டுட்டு எடுக்கறதுக்கு இன்னா?" என்று கேட்டேன்.

"கல்லாவுல பெரிய மொதலாளி உக்காந்துகினு இருக்காரே. நின்ன வண்டிக்கு எதுக்குடா பெட்ரோலுன்னு இத்தன வருஷமா கேக்கறாரு. அவரு மூஞ்சிக்கு நேரா எப்படிடா ஓடவிடறது?"

"தெருமுனையில?"

"பின்னால பத்து வண்டி ஹாரன் அடிப்பான். அங்க நிக்க எடமேது?"

கொஞ்ச நாள் ஒரு தந்திரம் செய்தான். ஊரை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி, எஞ்ஜினை ஆறவைத்துக் கொண்டுவந்தான். நாலாம் நாள் பெரியவர், "தெனமும் எங்கடா ஊர்கோலம் போய்ட்டு வர?" என்று ஒரு கேள்வி கேட்டார். அதோடு அதுவும் நின்றது.

இதை ஜாடையாகக் கமலக்கண்ணனிடம் நான் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை, டர்போவுக்கு ஆறுகிற நேரம் முக்கியம் என்று மட்டும் பொதுவாகச் சொன்னேன். அவன் உடனே சென்னையிலிருந்து ஒரு டைமர் வாங்கி வந்தான். சாவியை எடுத்த பிறகும் எஞ்ஜினை இரண்டு நிமிஷம் தானே ஓடவிட்டு, தானே அணைக்கிற பெட்டி. வேலை செய்யும்போது ஒரு சிவப்பு விளக்கு எரியும். நான்தான் மாட்டினேன். பிரச்சினை தீர்ந்தது என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை குமரேசன் பெட்டியை மறந்து, வழக்கம்போலத் தெருமுனையில் சாவியைத் திருப்பினான். எஞ்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி ஏற்கெனவே முழுசாகத் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. பின்னால் வேறு வண்டி, நகர வழியில்லை. அன்று விரித்திருந்தது அடுத்த வீட்டு அபிதகுசாம்பாளின் பாவு. ஒரு கல்யாணப் புடவைக்கான சந்தன நிறப் பட்டு. மறுமுனையைப் பிடித்து உதவிக்கொண்டிருந்தவள் பரிமளா. டர்போ வண்டியின் புகையில் கரி அதிகம். இரண்டு நிமிஷம் கழித்து எஞ்ஜின் தானாக நின்றபோது, ஈர இழைகளில் ஒரு முழ நீளத்துக்குப் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது.

அபிதகுசாம்பாள் வாய்க்காரி. லாரிக்காரனைத் தெருக்கோடி வரை துரத்திப்போய்த் திட்டியவள். அன்று அவள் திட்டவில்லை. புள்ளிகளைப் பார்த்தாள், அப்புறம் இவனைப் பார்த்தாள்.

"நீயா குமரேசா?" என்று மட்டும் கேட்டாள்.

பத்து மணிக்குள் குமரேசன் வண்டியோடு என் கடைக்கு வந்துவிட்டான். "அந்தப் பெட்டிய அவுத்துடு."

"டேய், அது இல்லன்னா டர்போ போயிடும்டா."

"போவட்டும். வேற ஆளு வந்து புகை உட்டிருந்தா அவங்க திட்டிட்டு மறந்துடுவாங்க. நான் அந்தத் தெருவுல பொறந்தவன்டா. பரிமளா காலையில இருந்து என்கிட்ட பேசல."

கமலக்கண்ணனுக்குத் தெரியாமல் எப்படி அவிழ்ப்பது? பெட்டியைக் கழற்றினால் தெரிந்துவிடும். நான் யோசித்து ஒரு காரியம் செய்தேன். டைமரிலிருந்து எஞ்ஜினுக்குப் போகிற ஒயரை வெட்டிவிட்டு, சிவப்பு விளக்கு மட்டும் வழக்கம்போல எரியும்படி மாற்றிக் கட்டினேன். விளக்கு எரியும், எஞ்ஜின் நின்றுவிடும். சுத்தமான வேலை. அப்போது என் கைவேலையைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

மழை பெய்யாத நாளெல்லாம் தெருவில் பாவு இருந்தது. நாலு மாதம் அப்படியே ஓடியது. பொங்கல் முடிந்து விசிலின் குரல் மாறியது. மெல்லிசாக இருந்தது கரகரவென்று ஆனது. கமலக்கண்ணன் பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டுகிறவன், அவன் காதில் விழவில்லை. குமரேசன் காதில் விழுந்தது. என் கடை வாசலில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்று கேட்டோம். கேட்டுவிட்டு அவன் பானட்டை மூடினான்.

"எத்தினி நாளு தாங்கும்?" என்றான்.

"எனக்கு ஒயரிங்தான்டா தெரியும்" என்றேன். தெரியும் என்று சொல்லத் தைரியம் இல்லை.

"டிராக்குக்கு இன்னும் பத்தொம்போது நாளு கீது" என்றான் அவன்.

பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் கிளம்பினோம். கமலக்கண்ணன் ஓட்டினான். குமரேசன் பக்கத்தில். பரிமளா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையும் புது ஷூவும் போட்டிருந்தான், டிராக்கில் ஷூ இல்லாமல் விடமாட்டார்களாம். மஞ்சப்பை வைக்கிற பின்சீட்டில் நான், டூல்ஸ் பையைக் கட்டிக்கொண்டு, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். செய்யாறு தாண்டியதும் எண்ணெய் தீய்கிற வாசனை வந்தது. கண்ணாடியில் குமரேசனின் கண் என்னைப் பார்த்தது. நான் வேறுபக்கம் திரும்பினேன்.

காஞ்சிபுரத்தில் டீக்கு நிறுத்தினோம். கமலக்கண்ணன் வழக்கம்போல எஞ்ஜின் ஓட ஓடவே இறங்கிப் போன் பேசப் போனதும் குமரேசன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லிடாதடா."

"சொல்லாம போனா எஞ்ஜினே போயிடும் குமரேசா."

"சொன்னா இப்பவே வண்டியத் திருப்பிடுவாரு. அப்புறம் பெங்களூரு, அப்புறம் அடுத்த வருஷம்னு போயிடும். அவரு வண்டிய சட்டை மாத்தற மாதிரி மாத்தறவரு. அடுத்த வருஷம் இது இருக்குமா? எனக்கு நாப்பத்தி நாலு ஆவுது. இன்னிக்கி உட்டா எனக்கு இல்லடா."

பதினான்கு வருஷத்தில் அவன் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

டிராக்கில் சென்னைப் பிள்ளைகள் வரிசையாக வண்டிகளை நிறுத்தி, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார்கள். கமலக்கண்ணன் எட்டு ரவுண்டு போனான். ஆறு ரவுண்டு நன்றாகக் கத்திக்கொண்டு போன வண்டி ஏழாவதில் குரல் இறங்கியது. எட்டாவது முடித்து வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு. "சூப்பர்ணா. கடைசியில கொஞ்சம் டல்லாயிடுச்சி, வெயிலு போல" என்று ஹெல்மெட்டைக் கழற்றிக் குமரேசனிடம் கொடுத்தான். "போங்க. மூணு ரவுண்டு. யாருக்கும் வழி விடாதீங்க."

சைலன்சர் வாயில் எண்ணெய் மினுக்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது, குமரேசனுக்கும் தெரிந்தது. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வண்டி கிளம்பி, நேர்ப்பாதைக்கு வந்தது. நான் விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் ஒன்று வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. பின்னால் நீலமாகப் புகை கிளம்பியது. வண்டி அம்பாசடர் போவது மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்ன கார் அவனை முந்தியது. அடுத்து இன்னொன்று முந்தியது.

முதல் ரவுண்டு முடிந்து எங்கள் எதிரே வரும்போது கமலக்கண்ணன் இரண்டு கையையும் ஆட்டினான். கொடி வைத்திருந்தவர் உள்ளே வரச்சொல்லிக் காட்டினார். குமரேசன் நேராகப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போனான். இரண்டாவது ரவுண்டில் புகை அவன் வளைந்த வளைவையே மறைத்துவிட்டது. கமலக்கண்ணன் சுவரோரம் ஓடி, "அண்ணா, நிறுத்துங்கண்ணா!" என்று கத்தினான். கொடிக்காரர் இங்கிலீஷில் ஏதோ திட்டினார். ஓடிப்போய் மறிக்கவும் முடியாது, கூப்பிட்டால் கேட்கவும் கேட்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குமரேசன் மூன்றாவது ரவுண்டுக்குப் போனான்.

முடித்துவிட்டு வந்து, கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்தினான். கமலக்கண்ணன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவனே சாவியைத் திருப்பினான். டிராக்கில் இருந்த ஒர்க்‌ஷாப்காரர் ஒருவர் வந்து குழாயைக் கழற்றிவிட்டு உள்ளே விரலை விட்டார். விரல் கரியாக வந்தது. இரண்டு டர்போவும் இறுகிப் போயிருந்தன. "தெனம் சூட்டோட ஆஃப் பண்ணியிருக்காங்க" என்றார்.

கமலக்கண்ணன் என்னைப் பார்த்தான். "டைமர் போட்டோமே? லைட்டு எரிஞ்சிகினுதானே இருந்துது?"

"லைட்டு மட்டுந்தான் தம்பி" என்றேன். மற்றதையும் சொன்னேன். பாவு, புள்ளி, ஒயர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவ்ளோதானா?" என்றான். "தெருவுல பாவு இருக்குது, அங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற எடத்துல நிறுத்தியிருப்பேனே, அண்ணா."

ஒரு வார்த்தை! அந்த வீட்டில் முதலாளியிடம் போய் இது ஆகாது என்று யாரும் சொன்னதில்லை. குமரேசனின் அப்பாவும் சொன்னதில்லை. சொல்லலாம் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. ஒயரை வெட்டத் தோன்றியது, விளக்கை எரியவைக்கத் தோன்றியது, அது மட்டும் தோன்றவில்லை.

"சரி, அது போவட்டும். அவ்ளோ புகைய பாத்தும் ஏன்ணா நிறுத்தல? எஞ்ஜினும் சேந்து போயிடுச்சே" என்றான் கமலக்கண்ணன். குரலில் கோபம் இல்லை, புரியாமைதான் இருந்தது.

குமரேசன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் வேர்த்து ஊறியிருந்தது.

"மூணு ரவுண்டுன்னு சொன்னீங்களே தம்பி" என்றான்.

கமலக்கண்ணன் வண்டியை லாரியில் ஏற்ற ஆள் தேடப் போனான். எங்களைப் போகச் சொல்லிவிட்டான். காஞ்சிபுரம் வந்து ஆரணி பஸ் பிடித்தோம். உட்கார இடம் கிடைத்தது. குமரேசன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் காலை அமுக்கிவிட்டுக்கொண்டான். வலது கால் விரலெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஒரு தடவையாவது தள்ளிச்சாடா?"

"இல்ல" என்றான். "ஆனா எப்ப வரும்னு தெரியாது பாரு. அதான் மூணு ரவுண்டும் கால எடுக்கவே இல்ல."